வீட்டில் தமிழ் பேசுவதைக் காரணமாகச் சொல்லாதீர்கள்

"வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அதனால் இன்னும் பேச்சு வரவில்லை." இங்கிலாந்தில் இரண்டு வயது மதிப்பாய்வுக்கு வரும் தமிழ்ப் பெற்றோர் பலர் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடும் வாக்கியம் இது. சில நர்சரி அறிக்கைகளிலும் இதையே எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை.

இங்கே நடப்பவை இரண்டு. 24 முதல் 30 மாதத்துக்குள் எங்கள் ஹெல்த் விசிட்டர் குழு, அதாவது சிறு பிள்ளைகளின் உடல்நலத்தையும் வளர்ச்சியையும் கவனிக்கும் செவிலியர் குழு, குழந்தையைப் பார்க்கும். இதுதான் இரண்டு வயது மதிப்பாய்வு. 24 முதல் 36 மாதத்துக்குள் நர்சரி தன் பங்குக்கு ஒரு முன்னேற்றச் சுருக்கம் எழுதிப் பெற்றோரிடம் தர வேண்டும். இந்த இரண்டையும் இணைத்து, பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசும் முறை 2015 செப்டம்பரில் வந்தது. இணைப்பு ஒழுங்காக நடக்காத இடங்களில்தான் தமிழ் பேசும் பிள்ளைகள் தவறாக எடைபோடப்படுகிறார்கள்.

எப்படி என்று பாருங்கள். இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்களும், "பால் வேணும்", "அப்பா வா" போல இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் அளவு. ஒரு பிள்ளைக்குத் தமிழில் 45 சொல், ஆங்கிலத்தில் 12 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நர்சரிக்குத் தெரிவது 12 மட்டும். உண்மைக் கணக்கு 57. "பால்" ஒரு சொல், "மில்க்" இன்னொரு சொல். எப்போதும் ஒரே பொருளைக் குறித்துச் சொன்னால் "மம்மு", "தாச்சி", "ங்கா" எல்லாமே சொற்கள்தான்.

இன்னொரு பிள்ளைக்கு இரண்டு மொழியும் சேர்த்தே 15 சொல்தான் என்றால் அது உண்மையான தாமதம். பழியைத் தமிழ்மேல் போட்டுவிட்டு, "நர்சரிக்குப் போனால் சரியாகிவிடும்", "அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்" என்று ஆறு மாதம் கழித்துவிடுகிறார்கள். சிலர் வீட்டில் ஆங்கிலத்துக்கே மாறிவிடுகிறார்கள். இயல்பாக வராத மொழியில் "கம்", "சிட்", "ஈட்" என்று பேச்சு சுருங்கிப்போகிறது. தமிழில் என்றால் குளிப்பாட்டும்போதே எவ்வளவு பேசுவீர்கள்! பிள்ளை கேட்க வேண்டியது அந்தப் பேச்சைத்தான்.

நர்சரி ஊழியர்களுக்கும் ஒன்று. ஆங்கிலம் போதாத பிள்ளையின் பேச்சு தாமதம்தானா என்று முடிவுசெய்யும் முன், வீட்டு மொழியில் அதற்கு என்னென்ன வருகிறது என்று பெற்றோரிடம் கேட்டறிய வேண்டும். இது நீங்கள் பின்பற்ற வேண்டிய ஆரம்பக்காலக் கல்விச் சட்டகத்தின் விதி. புதிதாகச் சேர்ந்த பிள்ளை சில வாரம் வாயே திறக்காமல் இருப்பதும் வழக்கம்தான்.

அடுத்து, மதிப்பாய்வு அழைப்புடன் வரும் கேள்வித்தாள், ஏ.எஸ்.கியூ.-3. பிள்ளையின் வளர்ச்சி பற்றிப் பெற்றோரே நிரப்புவது. ஐந்து பகுதி, பகுதிக்கு ஆறு கேள்வி. "ஆம்" என்றால் 10, "சில நேரம்" என்றால் 5, "இன்னும் இல்லை" என்றால் 0. ஒரு பகுதிக்கு அதிகபட்சம் 60. இது பள்ளித் தேர்வு இல்லை. எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டால் உதவி தேவைப்படும் பிள்ளை எங்கள் கண்ணில் படாமலே போய்விடும். முந்தின இரவு உட்கார்ந்து நிரப்பாதீர்கள். பிள்ளை பசியோ தூக்கமோ இல்லாமல் இருக்கும் வேளையில், நான்கைந்து நாளாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் குறியுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் எங்களுக்குப் பழக்கமானவை. "கதவை மூடு", "உன் புத்தகத்தை எடுத்துட்டு வா" போன்ற கட்டளைகளைக் கையாலோ கண்ணாலோ காட்டாமல் சொல்ல வேண்டும். நீங்கள் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னால் பிள்ளை உங்கள் கண்ணைத்தான் படிக்கிறது, சொல்லை அல்ல. கரண்டியால் சிந்தாமல் சாப்பிடுகிறதா என்ற கேள்விக்கு "இன்னும் இல்லை" என்று வரும். காரணம் கேட்டால் அம்மம்மா ஊட்டிவிடுகிறார். ஒரு வாரம் கெட்டியான தயிர்சாதத்தோடு கரண்டியைப் பிள்ளை கையில் கொடுத்துப் பார்த்துவிட்டுக் குறியுங்கள். "நான்", "என்னுடையது", "நீ" போன்ற சொற்களைப் பற்றிய கேள்வியிலும் தமிழ்ப் பெற்றோர் தடுமாறுகிறார்கள். தமிழில் "வந்துட்டேன்" என்றாலே போதும், "நான்" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் "எனக்கு", "என்னோடது", "என்ர" என்று சொல்கிறதா என்று கவனியுங்கள்.

மதிப்பாய்வு நாளுக்கு முன் நர்சரியில் உங்கள் பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பாளரிடம் பேசுங்கள். அவர் எழுதியதை ஹெல்த் விசிட்டரிடம் நேரடியாகப் பகிர உங்கள் சம்மதம் வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடாமல் விட்டுவிட்டு "அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை" என்று வருந்திப் பயனில்லை. பிள்ளை சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் இயல்பாக விளையாடிப் பேசுவதை இரண்டு நிமிடம் போனில் படமெடுத்து இருவருக்கும் காட்டுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நேரம் குறிக்கும்போதே கேளுங்கள், இலவசம்தான். எட்டு வயது அக்காவை மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள்.

பேச்சு குறைவு என்று தெரிந்தால் செவிப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். "டிவி விளம்பரம் வந்தால் ஓடுகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது" என்பதை ஏற்க முடியாது. சளிக்குப் பின் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கினால் சில நாள் கேட்கும், சில நாள் மங்கும். பேச்சுச் சிகிச்சைக்குக் காத்திருப்பு நீளம், ஆகவே பரிந்துரையைத் தள்ளிப்போடாதீர்கள். பல பகுதிகளில் பெற்றோரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

பேசிய சொற்கள் மறைகின்றன, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்றால் மதிப்பாய்வுத் தேதி வரை பொறுக்காதீர்கள். அந்த வாரமே ஹெல்த் விசிட்டரையோ உங்கள் குடும்ப மருத்துவரையோ (ஜி.பி.) அழையுங்கள்.

மதிப்பாய்வு முடிந்து கிளம்பும் முன் முடிவுகளை ரெட் புக்கில், அதாவது பிள்ளையின் உடல்நலப் பதிவேட்டில், எழுதச் சொல்லுங்கள், அடுத்து யார் எப்போது என்ன செய்வார் என்பதையும் சேர்த்து. மறுநாள் காலை பிள்ளையை விடும்போது அந்தப் பக்கத்தை நர்சரியில் காட்டுங்கள்.