வடிகட்டுவது வேறு, வடிப்பது வேறு

பெங்களூருத் தமிழர்கள் எழுதும் விடுமுறைக் குறிப்புகளிலும், பயண ஏற்பாட்டாளர்களின் தமிழ்த் துண்டறிக்கைகளிலும் ‘டிஸ்டில்லரி’ என்பதற்கு ஈடாக ஒரு தொடர் விடாமல் வருகிறது: ‘விஸ்கி வடிகட்டும் ஆலை’. ஸ்காட்லாந்தில் ஸ்பே ஆற்றோரம் ஒரே நாளில் மூன்று டிஸ்டில்லரி பார்த்தவரும் இப்படித்தான் எழுதுகிறார். கோவாவின் குங்கோலிமில் பால் ஜான் ஆலைக்குப் போனவரும், மைசூர் சாலையில் கம்பிபுராவிலுள்ள அம்ருத் ஆலையைப் பற்றிச் சொல்பவரும் இதையேதான் எழுதுகிறார்கள். அந்த ஆலைகளில் வடிகட்டலும் நடக்கிறது, உண்மைதான். ஆனால் டிஸ்டில்லரி என்ற பெயர் அதனால் வந்ததல்ல.

லத்தீனில் ‘ஸ்டில்லா’ என்றால் சொட்டு. ‘டிஸ்டில்’ என்பது சொட்டுச் சொட்டாகக் கீழிறங்குதல். தமிழில் ‘வடி’ என்ற வினைக்கும் அதுதான் பொருள்: கண்ணீர் வடிகிறது, ரத்தம் வடிகிறது, ஓட்டிலிருந்து மழைநீர் வடிகிறது. ஆகவே ‘வடி’ சரியான வேர். அதோடு ஒட்டிக்கொண்ட ‘கட்டு’தான் பொருளைக் கெடுக்கிறது. பாத்திரத்தின் வாயில் துணியைக் கட்டி, ஊற்றி, சக்கையை மேலே நிறுத்திச் சாற்றைக் கீழே விடுவது வடிகட்டல். கஷாயத்தையும் புளிக்கரைசலையும் அப்படித்தான் வடிகட்டுகிறோம். இங்கே எதுவும் ஆவியாவதில்லை. நூற்றுக்கு எட்டுப் பங்கு ஆல்கஹால் உள்ள ஊறலை எவ்வளவு மெல்லிய துணியில் வடிகட்டினாலும் கீழே விழுவதிலும் அதே எட்டுப் பங்குதான் இருக்கும். விஸ்கி வராது.

ஒரு விஸ்கி ஆலையை வாசலிலிருந்து கடைசிவரை நடந்து பார்த்தால், ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் வைப்பது எவ்வளவு பெரிய குழப்பம் என்று தெரியும். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை முதலில் அரைக்கிறார்கள். மாவாக அல்ல, குருணையாக. ஏறத்தாழ 20 பங்கு உமி, 70 பங்கு நொய், 10 பங்கு மாவு என்பது வழக்கமான அளவு. அதைச் சுமார் 64 டிகிரி வெந்நீரில் கலந்து பெரிய அண்டாவில் ஊறவிட்டு, அடியிலுள்ள துளைத்தட்டு வழியாக இனிப்புச் சாற்றை இறக்குகிறார்கள். உமியே ஒரு படுகையாகப் படிந்து சாற்றைத் தெளிவாக்குகிறது. இதுதான் வடிகட்டல். மாவு அதிகமானால் படுகை இறுகிச் சாறு இறங்காமல் நின்றுவிடும். அன்றைய வேலை அங்கேயே முடங்கும்.

அடுத்து ஈஸ்ட் சேர்த்த ஊறல் தொட்டி. ‘ஊறல்’ என்ற சொல்லை இங்கே தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கள்ளச்சாராயச் செய்திகளில் ‘ஊறல் அழிப்பு’ என்று படித்தே நமக்குப் பழகிய சொல் அது, தொழிலுக்கு உரிய சொல்லும் அதுவே. இரண்டு மூன்று நாளில் நொதித்து முடிந்த ஊறல் செம்புக் கலத்துக்குப் போகிறது. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், நீர் 100 டிகிரியில். அதனால் மேலே எழும் ஆவியில் ஆல்கஹால் கூடுதலாக இருக்கும். அந்த ஆவி கழுத்து வழியே ஏறி, குழாயில் சாய்ந்து, குளிர்ந்து, சொட்டுகிறது. முதல் முறையில் இருபது இருபத்தைந்து பங்கு வரை வரும், இரண்டாம் முறையில் எழுபதை எட்டும். செம்பு சும்மா அழகுக்கு அல்ல, கந்தக வாடையைப் பிடித்துக்கொள்வதற்கு. நெருப்பைக் கூட்டினால் ஊறல் நுரைத்துக் கழுத்தைத் தாண்டி அப்படியே மறுபக்கம் பாயும். அதைக் கவனிக்கத்தான் கழுத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் நடப்பது காய்ச்சி வடித்தல்.

பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்தபின், புட்டியில் அடைக்குமுன், சில ஆலைகளில் மறுபடி ஒரு வடிகட்டல் உண்டு. விஸ்கியைப் பூஜ்ய டிகிரியை ஒட்டிக் குளிரவைத்து, கலங்கலாக்கும் கொழுப்புப் பொருள்களைப் பிடித்து எடுப்பார்கள். 46 பங்குக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் பொதுவாகக் கலங்காது, அதனால் பல நல்ல விஸ்கிகள் இதைத் தவிர்த்து, தவிர்த்ததைப் புட்டியிலும் பெருமையாகப் போடுகின்றன. ஆலையையே ‘வடிகட்டும் ஆலை’ என்று எழுதிவிட்டவர் ‘குளிர்வித்து வடிகட்டாதது’ என்ற இந்த வரியை எப்படி மொழிபெயர்ப்பார்? வடிகட்டும் ஆலையில் வடிகட்டாத விஸ்கி என்றா?

இந்தக் குழப்பம் விஸ்கியோடு நிற்கவும் இல்லை. பெங்களூரில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். பேட்டரிக்கு ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர். அதை ‘வடிகட்டிய நீர்’ என்று ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டால், படிப்பவர் சமையலறை ஃபில்டர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவார். சாதாரண ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் உப்புகள் அப்படியே போய்ப் பேட்டரித் தகடுகளைக் கெடுக்கும். இங்கே ஒரு சொல்லின் பிழை பணச் செலவாகவே முடிகிறது. பள்ளி அறிவியல் பாடத்தில் வடிகட்டுதல் ஒரு முறை, காய்ச்சி வடித்தல் வேறொரு முறை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மொழிபெயர்க்க உட்காரும் பெரியவர்கள் அதை மறப்பது பெரிய அலட்சியம். அடுத்த வீட்டுக் கன்னடத்தைப் பாருங்கள்: ‘பட்டி இளிசித நீரு’, அதாவது காய்ச்சும் உலையில் இறக்கிய நீர். ஃபில்டருக்கும் அதற்கும் அங்கே குழப்பமே இல்லை.

‘மதுபான ஆலை’ என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. பெங்களூரில் இருந்துகொண்டு அப்படி எழுதுவது இன்னும் மோசம். இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் பீர் காய்ச்சி ஊற்றும் கடைகள் நிறைந்த ஊர் இது. பீர் நொதித்தலோடு நின்றுவிடும். அதுவும் மதுபான ஆலை, இதுவும் மதுபான ஆலை என்றால் சொல் எதற்கு? ‘சாராய ஆலை’ ஓரளவு நேர்மையான பெயர், ஆனால் அது பொருளின் பெயர், செய்முறையின் பெயர் அல்ல. பன்னீர் வடிப்பவரும் யூகலிப்டஸ் தைலம் இறக்குபவரும் செய்வது இதே வேலைதான். அவர்களைச் சாராய ஆலைக்காரர் என்போமா?

இந்தியிலிருந்து வரும் அலுவலகத் தாள்களைப் பார்த்து ‘ஆசவனி’, ‘ஆசவனம்’ என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக்கடையில் ஆசவம், அரிஷ்டம் என்று விற்பவை நொதிக்கவைத்த மருந்துகள். காய்ச்சி வடித்தவை அல்ல. அந்தப் பெயரைக் காய்ச்சி வடித்தலுக்கு ஏற்றியது இந்தியின் விருப்பம். நமக்கு எதற்கு? காய்ச்சி வடித்ததற்குச் சித்த மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறது: தீநீர். ஓமத்தீநீர் குடித்து வளர்ந்த குடும்பங்கள் எத்தனை! அதை இறக்கும் கலத்துக்கும் பெயர் உண்டு, வாலை. சித்த மருந்துமுறையில் ‘வாலையிலிட்டு இறக்குதல்’ பழகிய தொடர். விஸ்கி ஆலையின் செம்புக் கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தேடவேண்டியதில்லை. ‘செம்பு வாலை’ என்றால் விலங்கின் வாலைப் பற்றிச் சொல்வதுபோல் மயங்குமே என்பார்கள். நியாயம்தான். முதல் தடவை ‘வாலைக்கலம்’ என்று எழுதுங்கள், பிறகு மயங்காது.

டிஸ்டில்லரிக்கு வடிசாலை. இது புதிதாகக் கட்டிய சொல்லும் அல்ல. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பனஞ்சாராயம் வடிப்பதற்கென்று அமைத்த ஆலைக்குப் பெயரே திக்கம் வடிசாலை. அங்கே ஊர்ச்சனம் நாவில் புழங்கும் சொல் நம் மொழிபெயர்ப்பாளர் கண்ணில் படாமல் போனது எப்படி?

விஸ்கி விஸ்கியாகவே இருக்கட்டும். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் ‘உயிர்நீர்’ என்பதுதான் அதன் மூலம் என்றாலும், அதை மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாது. ஆனால் இரண்டாம் வடிப்பில் முதலில் வரும் காரமான பகுதி, எடுத்து வைக்கும் நடுப்பகுதி, கடைசியில் வரும் கனத்த பகுதி ஆகிய மூன்றுக்கும் வழிகாட்டி சொல்லும் ஆங்கிலப் பெயர்களை அப்படியே எழுதிவைக்க வேண்டாம். முன்வடி, நடுவடி, பின்வடி என்று எழுதலாம். முன்வடியில் நீர் கலந்தால் பால்போல் கலங்கும். கலங்காமல் தெளிவாக நின்றால் நடுவடி தொடங்கிவிட்டது என்று பொருள். பின்வடியைக் கொட்டுவதில்லை, முன்வடியோடு சேர்த்து அடுத்த முறை மறுபடி வாலையில் ஏற்றுவார்கள்.