காணாக்கடி

ராத்திரி பத்து மணிக்கு மேல் காஷுவாலிட்டிக்கு வந்தவர் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டுகிறார். முழங்கையிலிருந்து தோள்வரை திட்டுத் திட்டாய்ச் சிவந்து தடித்திருக்கிறது. "ஏதோ கடிச்சிருச்சுங்க." எது? "தெரியலை, கண்ணுல படலை." டாக்டர் சீட்டில் எழுதுவது அர்டிக்கேரியா. தமிழில் இதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு: காணாக்கடி.

லத்தீனில் 'ஊர்டிகா' என்பது தொட்டால் எரிகிற ஒரு செடி. எரித்தல் என்ற வினையிலிருந்து வந்த பெயர். அந்தச் செடி பட்டது போலத் தடிப்பதால் நோய்க்கும் அதே பெயர். நம் வேலியோரக் காஞ்சொறிக்கும் அதே குணம்தான், குடும்பம் வேறு. அங்கே செடியின் பெயர் நோய்க்குப் போனது. இங்கே சொறி செடியின் பெயரில் ஏறிக்கொண்டது.

காணாத கடி, காணாக்கடி. கடைசி 'த' விழுந்ததால் இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதனால்தான் நடுவில் 'க்' வருகிறது. ஆனால் பெரும்பாலும் எதுவும் கடித்திருக்காது. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிட, நுண் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து தோல் தடிக்கிறது. இறால், வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், வைரஸ் காய்ச்சல் என எதுவும் தூண்டலாம். பல நேரம் காரணமே பிடிபடாது. ஆக 'கடி' பாதி தப்பு, 'காணா' முழுக்கச் சரி.

ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் கோட்டுக்குள் தடம் இருக்காது, வேறிடத்தில் புதிதாய்க் கிளம்பியிருக்கும். அதற்கு மேலும் அங்கேயே நின்றால் வேறு நோயா என்று பார்க்க வேண்டும்.

சிலர் இதைப் 'படை' என்கிறார்கள். அது பூஞ்சையால் வருவது, இதோடு சேர்க்கக் கூடாது. சொறி சிரங்கும் வேறு. 'அலர்ஜி' என்றால் ஒவ்வாமை. அது காரணங்களில் ஒன்று, நோயின் பெயர் அல்ல. தனித்தனித் திட்டைத் 'தடிப்பு' என்றும் நோயைக் 'காணாக்கடி' என்றும் எழுதினால் போதும், புதிதாய்ச் சொல் செய்ய வேண்டியதில்லை.

வெற்றிலையில் மிளகு வைத்து மென்று தின்னச் சொல்வது பழைய வழக்கம். சரி, வெறும் தடிப்போடு நின்றால் மெல்லட்டும். நாக்கு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் அது அனாபிலாக்சிஸ், அதாவது தீவிர ஒவ்வாமை. அப்போது முதல் மருந்து அட்ரினலின்: பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தடிப்புக்குப் பெயர் எழுதுவதெல்லாம் அந்த ஊசிக்கு அப்புறம்தான்.