‘எல்.எம்.எஃப்.’ என்றால் ஒழுக்கக் குறைபாடு இல்லை

குண்டுவீச்சு விமானத்தில் பறந்த ஒருவரைப் பற்றி “ஒழுக்கக் குறைபாடு காரணமாக நீக்கப்பட்டார்” என்று சப்டைட்டில் போட்டால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? குடி, பெண் விவகாரம், கையாடல், இப்படி ஏதோ ஒன்று. அந்த மனிதர் செய்ததெல்லாம், பல இரவுகள் ஜெர்மனிக்கு மேலே பறந்துவிட்டு, இனி என்னால் முடியாது என்று சொன்னதுதான். இரண்டாம் உலகப்போர் பற்றிய தமிழாக்கங்களில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு தலைமுறைப் பையன்களின் பெயரையே கெடுக்கிறது, அதனால்தான் இவ்வளவு கோபம்.

மூலச் சொல் ‘லாக் ஆஃப் மாரல் ஃபைபர்’, சுருக்கமாக எல்.எம்.எஃப். இனிப் பறக்க முடியாது என்ற பிரிட்டிஷ் விமானப்படையினர்மேல் குத்திய முத்திரை அது. 1940இல் பிரிட்டிஷ் விமான அமைச்சகம் படைத் தளபதிகளுக்கு அனுப்பிய கடிதத்திலிருந்து புழக்கத்துக்கு வந்தது. ‘ஃபைபர்’ லத்தீன் வழி வந்த சொல், நார், இழை என்று பொருள். ‘மாரல்’ என்பதும் லத்தீன்தான், வழக்கம், நடத்தை என்ற வேரிலிருந்து வந்தது. ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அதற்கு உடலைச் சாராத, மனத்தைச் சார்ந்த என்ற பொருளும் உண்டு. இங்கே வேண்டியது அந்தப் பொருள். அகராதியில் முதலில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. ‘மாரல் சப்போர்ட்’ என்பதைத் ‘தார்மீக ஆதரவு’ ஆக்கியதும் இதே கைதான். பக்கத்தில் நின்று தைரியம் சொல்வதற்கும் தர்மத்துக்கும் என்ன சம்பந்தம்?

சரி, ‘ஒழுக்கக் குறைபாடு’ வெறும் அறியாமை, சொன்னால் திருத்திக்கொள்வார்கள். என் பெரிய சண்டை இன்னொரு தமிழாக்கத்தோடு. இப்போது நல்லெண்ணம் உள்ள சிலர் எல்.எம்.எஃப். வரும் இடத்திலெல்லாம் ‘மன அழுத்தம்’ என்று எழுதுகிறார்கள். அந்த வீரர்களுக்கு வந்தது மனநோய்தானே, பழைய கொடுமையான முத்திரையை நாமும் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இரக்கம் புரிகிறது, ஆனால் அப்படி எழுதினால் நடந்த அநியாயமே மறைந்துபோகிறது. எல்.எம்.எஃப். ஒரு நோயின் பெயராக இருந்ததே இல்லை. மருத்துவர் பரிசோதித்து இவருக்கு நோய் எதுவும் இல்லை என்று சொல்லி, தளபதியும் இவர்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று எழுதினால்தான் அந்த முத்திரை விழும். நோய் என்று ஒப்புக்கொண்டிருந்தால் சிகிச்சை, ஓய்வு கிடைத்திருக்கும். இது நோயே இல்லை, ஆளின் குணத்திலேயே குறை என்று தீர்ப்புச் சொல்லவே அந்தச் சொல்லை உண்டாக்கினார்கள். நெஞ்சில் தைத்திருந்த இறக்கைச் சின்னம் பறிக்கப்படும், சார்ஜெண்ட் தன் பட்டைகளை இழந்து எடுபிடி வேலைக்குப் போவார், கோப்பில் ஊசலாடுபவர் என்பதற்கான ‘டபிள்யூ’ எழுத்து ஏறும். இவர்கள் யாரும் கட்டாயப்படுத்தப்பட்டு விமானம் ஏறியவர்கள் இல்லை, தாங்களாக முன்வந்தவர்கள். இத்தனையையும் ‘மன அழுத்தம்’ என்ற சொல் எப்படிச் சொல்லும்? பரீட்சைக்கும் வீட்டுக் கடனுக்கும் வருகிற அதே மன அழுத்தம்! இந்த ஒரு சொல்லை ‘ஸ்ட்ரெஸ்’, ‘டிப்ரஷன்’, ‘ட்ராமா’ எல்லாவற்றுக்கும் போட்டுப் போட்டு, இன்று அது எதையும் குறிக்காத சொல்லாகிவிட்டது.

அமெரிக்க விமானப்படையில் இதே நிலைக்குப் ‘போர்க்களைப்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். களைத்தவரை நாட்டுப்புற மாளிகைகளுக்கு ஓய்வுக்கு அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. அதையும் தமிழில் மன அழுத்தம் என்றே போட்டால் இரு படைகளும் தங்கள் ஆட்களை நடத்திய விதத்தில் இருந்த வேறுபாடு வாசகருக்குத் தெரியவே தெரியாது.

நான் பரிந்துரைப்பது ‘நெஞ்சுரமின்மை’. ‘மன உறுதியின்மை’ போதாதா என்று கேட்கலாம். தப்பில்லை, ஆனால் அதில் இகழ்ச்சி இல்லை. உரம் இல்லாதவன் என்பது தமிழில் பழைய வசவு. “உரமொருவற்கு உள்ள வெறுக்கைஅஃ தில்லார் மரமக்க ளாதலே வேறு” என்கிறது குறள், அதாவது உரமில்லாதவர் மனித வடிவில் நிற்கும் மரங்கள். அந்த அமைச்சகக் கடிதம் பயந்துபோன பையனைப் பார்த்த பார்வையும் கிட்டத்தட்ட இதுதான். ‘உரம்’ என்றால் யூரியா நினைவுக்கு வருமே என்பவர்கள், ‘நெஞ்சுரம்’ என்று சேர்த்துச் சொல்லிப் பார்க்கட்டும், யாரும் குழம்பமாட்டார்கள்.

இந்த முத்திரை பெற்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அதற்குப் பயந்து பறந்துகொண்டே இருந்தவர்கள்? பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டின் சுமார் 1,25,000 விமானப் பணியாளர்களில் 55,573 பேர் இறந்தார்கள். 1944 மார்ச் இறுதியில் நூரம்பர்க் மேல் பறந்த ஒரே இரவில் 95 விமானங்கள் போயின. காலையில் சாப்பாட்டு மேசையில் காலியான நாற்காலிகளைப் பார்த்துவிட்டு மறுபடி ஏற வேண்டும், ஒரு சுற்றுப் பணி முடிய முப்பது முறை. அப்படித் தப்பிப் பிழைத்தவர்களுக்குக் கெட்ட கனவுகளும் குற்ற உணர்வும் முதுமைவரை கூடவே வந்தன. கீழே எரிந்த நகரங்களை நினைத்து வருந்தியவர்களும் உண்டு. பயம் என்று வாயைத் திறந்தாலே நெஞ்சுரமில்லாதவன் ஆகிவிடுவோம் என்று இருபது வயதில் கற்றவர்கள், மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கான பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மருத்துவக் கையேட்டில் ஏறியதே 1980இல், அப்போது அவர்களுக்கு அறுபதை நெருங்கும் வயது.

அந்தப் பிற்காலத்து வேதனைக்கு நல்ல தமிழ்ச்சொல் ஏற்கெனவே இருக்கிறது: மனவடு. இலங்கைப் போரின்போது யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் ‘ட்ராமா’வுக்குப் பயன்படுத்திய சொல் அது, தமிழ்நாட்டு ஊடகங்கள்தான் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே 1943இல் தளபதி எழுதியது ‘நெஞ்சுரமின்மை’, மேற்கோள் குறிக்குள். நாற்பது வருடம் கழித்தும் அந்த மனிதரைத் தூங்கவிடாதது மனவடு. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் இரண்டையும் தனித்தனியாகவே எழுதுங்கள்.