துரை பங்களாவில் இரண்டு குழுக்கள்: பேய்வேட்டைக் கருவிகள் எதை அளக்கின்றன?

மலேசியாவின் பேரா மாநிலத்தில் பத்து காஜா என்ற ஊர்ப்பக்கம் போனால் கெல்லி மாளிகையின் பேய்க்கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டமுதலாளி 1926-இல் லிஸ்பனில் இறந்துபோக, கட்டடம் பாதியில் நின்றது. அது செங்கல் மாளிகை. தோட்டப்புறத்துக் கதைகள் பெரும்பாலும் இன்னும் எளிமையான வீட்டில் நடக்கும். தூண்மேல் நிற்கும் பலகை வீடு, தகரக்கூரை, பழைய வயரிங், ஆள் குடியில்லாத துரை (தோட்ட மேலாளர்) பங்களா.

அப்படியொரு பங்களாவில் இரண்டு பேய்வேட்டைக் குழுக்கள் போட்டியிடுகின்றன, ஒரு பரிசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாருக்குக் கொடுப்பது? அதிக ‘சம்பவம்’ பதிவு செய்த குழுவுக்கு என்றால் அந்தப் போட்டி தொடங்கும்போதே கெட்டுவிட்டது. கவனக்குறைவாகக் கருவியைப் பிடிப்பவருக்குத்தான் சம்பவம் அதிகம் கிடைக்கும். ஏன் என்று ஒவ்வொரு கருவியையும் திறந்து பார்த்தால் தெரியும்.

முதலில் மின்காந்தப் புலத்தை அளக்கும் ஈஎம்எஃப் மீட்டர். பேய்வேட்டைக்காரர் கையில் இது இல்லாமல் இராது. உள்ளே இருப்பது சிறு கம்பிச்சுருள். அதன் ஊடே காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். மாறாத புலம் அதற்குத் தெரியாது. மலேசியாவில் பூமியின் காந்தப்புலம் சுமார் 400 மில்லிகாஸ் (காந்தப்புலத்தின் அலகு), இருந்தும் மீட்டர் சும்மா இருக்கும். வீட்டு மின்சாரமோ நொடிக்கு 50 சுற்று மாறுகிறது, அதனால் 2 மில்லிகாஸ் இருந்தாலே விளக்கு எரிந்துவிடும்.

அந்த 2 மில்லிகாஸ் எவ்வளவு எளிதில் வருகிறது என்று பாருங்கள். தனிக்கம்பி ஒன்றில் 1 ஆம்பியர் ஓடினால் 1 மீட்டர் தள்ளி இருக்கும் புலம் சரியாக அதுதான். தூரம் பாதியானால் புலம் இரட்டிப்பாகும். ஆனால் நல்ல வயரிங்கில் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒட்டியே ஓடுவதால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். பழைய வீட்டில் கெடுவது இந்த இடத்தில்தான். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் இருக்கும். வயர் மிச்சம் பிடிக்க யாரோ கீழ்த்தள சர்க்யூட்டிலிருந்து லைவும் (போகும் கம்பி) மேல்தள சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலும் (திரும்பும் கம்பி) எடுத்திருப்பார்கள். மின்சாரம் ஒரு சுவர் வழியாகப் போய் வேறொரு சுவர் வழியாகத் திரும்பும். அழிக்க ஜோடி இல்லாததால் படிக்கட்டு முழுவதும் ஒரு பெரிய வளையமாகிவிடும். 60 வாட் பல்பு ஒன்று எரிந்தாலே சுவரிலிருந்து 10 சென்டிமீட்டரில் 5 மில்லிகாஸ் வரும். பல மீட்டர்களில் பச்சை விளக்கு மஞ்சளுக்குத் தாவ அது போதும். “படியில் ஏறும்போது மட்டும் அடிக்கிறது” என்ற பேச்சின் பின்னால் இந்த வயரிங் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது பேயைவிட ஆபத்தானது. ஒரு சர்க்யூட்டை அணைத்துவிட்டு வேலை செய்யும் வயர்மேனுக்கு மற்றதிலிருந்து ஷாக் அடிக்கும்.

அளக்கும் முறை இது. பகலிலேயே தரையில் 1 மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் புள்ளி வையுங்கள். மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஒருமுறை, போட்ட பிறகு ஒருமுறை ஒவ்வொரு புள்ளியிலும் அளந்து எழுதுங்கள். மலிவான மீட்டரில் ஒரே சுருள்தான் இருப்பதால் கையைத் திருப்பினால் எண் மாறும். எனவே நீளம், அகலம், உயரம் என மூன்று திசையிலும் பிடித்து அளந்து, மூன்றையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் காண வேண்டும். 3, 4, 12 என்று வந்தால் உண்மைப் புலம் 13. கைப்பேசி விமானப் பயன்முறையில் இருக்கட்டும். வாக்கி-டாக்கி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். இந்தத் தாள் இல்லாத குழுவின் இரவுப் பதிவை நடுவர் படிக்கவே வேண்டாம்.

“இருக்கிறாயா? இருந்தால் விளக்கை எரி” என்று கேட்கும் வழக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மீட்டர் தானாகவே மணிக்கு 30 முறை, அதாவது சராசரியாக 120 நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்று கொள்வோம். கேள்வி கேட்டு 5 நொடிக்குள் மின்னினால் அது ‘பதில்’. ஒரு கேள்விக்கு அப்படி நேர 4 விழுக்காடு வாய்ப்பு. ஒரு மணி நேரத்தில் 60 கேள்வி கேட்டால் யாருமே இல்லாத அறையிலும் இரண்டு மூன்று பதில் வந்துவிடும். காணொளியில் அந்த மூன்றைத்தான் காட்டுவார்கள். மிச்சம் 57 கேள்வி வெட்டப்பட்டுவிடும்.

அடுத்தது ‘குளிர்ப்புள்ளி’, அதாவது அறையில் திடீரென்று சில்லிடும் இடம். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி காற்றின் வெப்பத்தை அளப்பதில்லை. எதிரில் இருக்கும் பரப்பு வெளியிடும் வெப்பக்கதிரைத்தான் அளக்கிறது. சிவப்புப் புள்ளி குறி காட்டத்தான். 12:1 என்று அச்சிட்டிருந்தால் 3.6 மீட்டர் தூரத்தில் 30 சென்டிமீட்டர் அகல வட்டத்தின் சராசரியைத் தருகிறது என்று பொருள். பளபளப்பான தகரம், கண்ணாடி, பித்தளைக் கைப்பிடி ஆகியவற்றில் எதிரொளிப்பு கலந்து எண் பிழையாகும். காற்றை அளக்க மெல்லிய கம்பி முனையுள்ள தெர்மோகப்புள் வெப்பமானி வேண்டும். அதையும் உடலிலிருந்து கை நீளம் தள்ளி, ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும்.

குளிர் உண்மையாகவே வருவதும் உண்டு. மேகமில்லாத இரவில் தகரக்கூரை வானத்தை நோக்கி வெப்பத்தை வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதன் அடிப்பக்கம் தொட்ட காற்று கனத்துக் கீழே வழியும். மேல்பலகை உடைந்த இடத்தில் அது ஓர் ஓடையாக இறங்கும். நடுக்கூடத்தில் நிற்பவர் கழுத்தில் சில்லென்று படும், இரண்டடி தள்ளி நின்றால் இராது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அந்த இடத்தில் பிடியுங்கள். புகை கீழ்நோக்கி வளைந்தால் ஓட்டை எங்கே என்று அண்ணாந்து பார்க்கலாம்.

இதே கூரைதான் இரவுச் சத்தத்துக்கும் காரணம். வெயிலில் 60 பாகை வரை சுட்ட 6 மீட்டர் தகரம் இரவில் 24-க்கு இறங்கும்போது ஏறக்குறைய 2.6 மில்லிமீட்டர் சுருங்கும். ஆணி பிடித்துக்கொண்டிருக்கும். இழுவிசை கூடிக்கூடி ஒரு கணத்தில் வழுக்கும்போது ‘டக்’. ஓரத்துத் தகடு முதலில் ஆறும், பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. வரிசையாகக் கேட்கும்போது யாரோ நடப்பதுபோலவே இருக்கும். கூரையில் ஒரு வெப்பமானியை வைத்து, சத்தம் கேட்ட நேரத்தையும் குறித்து வந்தால், வெப்பம் வேகமாக இறங்கும் முன்னிரவில் சத்தம் அடர்ந்து, விடியற்காலையில் அடங்குவது தாளிலேயே தெரியும்.

தாளில் அப்படிப் பொருந்தாத நடைச்சத்தமா? மேல்பலகையில் கோதுமை மாவை மெல்லியதாகச் சலித்துவிடுங்கள். முசாங் எனப்படும் மரநாய் 2 முதல் 5 கிலோ எடை இருக்கும். காலையில் அதன் ஐந்து விரல் தடம் மாவில் கிடைக்கும். செம்பனைத் தோட்டங்களில் எலியை அடக்கக் கூகைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள். வெள்ளை முகம், சிறகோசை இல்லாத பறப்பு, துணி கிழிவது போன்ற அலறல். பெட்டிக்குக் கீழே முடியும் எலும்பும் உருண்டையாகக் கிடந்தால் அலறியது யார் என்று அறிந்துகொள்ளலாம். பலகையில் சுத்தியல் தட்டுவதுபோல ‘டொக் டொக்’ என்று கேட்டால் அது பக்கி என்ற இரவுப் பறவை. ஈழத்தலரி மணம் இரவில் திடீரென வந்தால் பொந்தியானாக் என்ற பெண்பேய் வந்துவிட்டதாகச் சொல்வது இங்குள்ள வழக்கம். அந்த மரம் அந்துப்பூச்சியை ஈர்க்க இரவில்தான் மணத்தைக் கூட்டுகிறது.

காதுக்குக் கேட்காத ஒலியைப் பற்றியும் பேய்வேட்டையில் நிறையப் பேசுகிறார்கள். இங்கிலாந்தில் விக் டான்டி என்ற பொறியாளர், தம் ஆய்வகத்தில் ஏற்பட்ட அச்சத்தையும் ஓரக்கண்ணில் தெரிந்த சாம்பல் உருவத்தையும் 18.98 ஹெர்ட்ஸ் அதிர்வோடு இணைத்து 1998-இல் எழுதினார். கிடுக்கியில் மாட்டியிருந்த வாள் தானாக அதிர்ந்ததுதான் துப்பு. அந்த அதிர்வு ஒரு புதிய விசிறியிலிருந்து வந்தது. அறையின் நீளம் சுமார் 9 மீட்டர், அந்த அலையின் நீளத்தில் சரிபாதி. ஆகவே அலை நின்று ஓங்கியது. அழகான விளக்கம்தான். ஆனால் லண்டனில் ஒரு குழு காந்தப்புலத்தையும் தாழ்வொலியையும் கட்டுப்படுத்தி ‘பேய் அறை’ கட்டி 79 பேரை உள்ளே அனுப்பி, 2009-இல் முடிவை வெளியிட்டது. பலர் விசித்திர அனுபவம் சொன்னார்கள், ஆனால் அலை இருந்ததற்கும் இல்லாததற்கும் வேறுபாடு காணவில்லை. “ஏதாவது நேரலாம்” என்று முன்கூட்டிச் சொன்னதே பெரும்பங்கு வேலை செய்திருக்கும் என்பதே அந்த ஆய்வின் பாடம். அதனால் போட்டிக் குழுக்களிடம் எந்த அறையில் என்ன கதை என்று யாரும் வாய் திறக்கக் கூடாது.

‘ஆவிப்பெட்டி’ என்று விற்கப்படுவது நிலையத்தில் நிற்காமல் தாவிக்கொண்டே இருக்கும் வானொலி. ஒவ்வோர் அலைவரிசையிலும் 200 மில்லிநொடி நின்றால் தமிழில் ஓர் அசை, ஒன்றரை அசை விழும். மின்னல் எஃப்எம் அறிவிப்பாளர் “போகலாம்” என்று சொல்லும்போது ‘போ’ மட்டும் நம் காதில் விழுந்தால் மயிர்க்கூச்செறியத்தான் செய்யும். பெட்டியைப் பயன்படுத்தியே தீர வேண்டுமானால், கேள்வி கேட்காத மூன்று பேரிடம் ஒலியைத் தனித்தனியே கொடுத்துக் கேட்டதை எழுதச் சொல்லுங்கள். மூவரும் ஒரே சொல்லை எழுதினால் மட்டும் கணக்கு. கைப்பேசிப் பதிவில் இன்னொரு பொறி உண்டு. அமைதியில் அது தானே ஒலியை ஏற்றிக்கொள்ளும், இரைச்சலை நீக்கும் மென்பொருள் மிச்சத்தை முணுமுணுப்பாக்கும். இரண்டு வசதியையும் அணைக்க முடியாத கருவி போட்டிக்கு உதவாது.

பேய் என்று காட்டப்படும் ஒளிவட்டப் படங்களைப் பற்றி நீட்ட வேண்டாம். ஃபிளாஷ் லென்சுக்கு அருகில் இருப்பதால் முன்னால் மிதக்கும் தூசி மங்கலான வட்டமாக விழுகிறது. ஃபிளாஷை ஒரு முழம் தள்ளிப் பிடித்து எடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஜெனரேட்டரை வீட்டுக்கு அடியில் தூண்களுக்கிடையே வைக்கவே கூடாது. பலகை இடுக்கு வழியாகக் கார்பன் மோனாக்சைடு ஏறும். நிறமில்லை, மணமில்லை, முதலில் தலைவலி, பிறகு குழப்பம். அமெரிக்காவில் பழுதான உலையின் இந்த வாயுவால் ஒரு குடும்பமே காலடிச் சத்தமும் உருவங்களும் கண்டதை வில்மர் என்ற கண் மருத்துவர் 1921-இல் பதிவு செய்திருக்கிறார். எச்சரிக்கைக் கருவி ஒன்றை உறங்கும் இடத்தில் மாட்டுங்கள். வௌவால் எச்சம் குவிந்த மேல்பலகைக்கு முகக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். அதில் வளரும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கும்.

இனிப் பரிசு. இலங்கையில் ஆசிரியராக இருந்த ஏப்ரஹாம் கோவூர், அற்புத சக்தியை மெய்ப்பித்துக் காட்டுபவருக்கு என்று 1963-இல் ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தார். அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி 1964-இல் 1,000 டாலரில் தொடங்கியது பின்னர் பத்து லட்சம் டாலராகி 2015 வரை இருந்தது. இரண்டையும் யாரும் வாங்கவில்லை. ஏமாற்ற வழியில்லாத நிபந்தனையில் காட்ட வேண்டும் என்பதே அவற்றின் உயிர்.

நம் பங்களாவில் 8 அறை இருந்தால், ஊரார் சொல்லும் ‘கெட்ட’ அறைகள் இரண்டை நடுவர் முன்பே எழுதி உறையில் ஒட்டிவைக்கலாம். கதை தெரியாத வெளியூர்க் குழுக்கள் தனித்தனி இரவில் அளந்து இரண்டு அறையைச் சொல்லட்டும். குருட்டாம்போக்கில் இரண்டும் சரியாக அமைய 28-இல் ஒரு வாய்ப்பு. பரிசுக்கு அது போதாது. அடுத்த தோட்டத்தில் அதே அளவு பங்களாவில் மறுபடி செய்தால் 784-இல் ஒன்று. இரு குழுவின் கடிகாரமும் நொடி பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். இருமினாலும், வயிறு இரைந்தாலும், பலகை மிதித்தாலும் உடனே “நான்தான்” என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாத சத்தம் பதிவில் பேயாகிவிடும்.

கடைசியாக, ஒரு கதையும் இல்லாத கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டில் அதே கருவிகளோடு அதே மணி நேரம் ஓர் இரவு. இரண்டு வீட்டுப் பதிவையும் எந்த வீடு என்று எழுதாமல் நடுவரிடம் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்றாகவே வந்தால் பரிசுப்பணம் அடுத்த ஆண்டுக்கு வங்கியில் இருக்கட்டும்.