பால் மறக்கடிக்கும்போது மார்பு ஏன் கல்லாகிறது?

என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயதில் பால் மறக்கடித்தேன், அதுவும் ஒரே நாளில். பெரியம்மா சொன்னபடி வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டேன், அவன் ஒரு தடவை வாய் வைத்தான், முகத்தைச் சுளித்து அழுதான், அதோடு சரி. இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு நான் பாத்ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மார்பு இரண்டும் கல். வலி அக்குள் வரை ஏறியிருந்தது, கையைத் தொங்கவிட முடியவில்லை, நைட்டி உரசினாலே உயிர் போனது. பிள்ளை குடிப்பதை நிறுத்திவிட்டான், ஆனால் அந்தச் சேதி மார்புக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தச் சேதி எப்படிப் போய்ச் சேருகிறது என்று அப்போதே தெரிந்திருந்தால் பாதி வேதனை மிச்சமாகியிருக்கும்.

மார்புக்குள் திராட்சைக் கொத்து போல மிகச் சிறிய பைகள் இருக்கின்றன. பைகளின் உள்சுவரில் இருக்கும் செல்கள்தான் ரத்தத்திலிருந்து சத்தை எடுத்துப் பாலாக்குகின்றன. குழந்தை சப்பும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் "இன்னும் பால் செய்" என்கிறது, ஆக்ஸிடோசின் பைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களை இறுக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது. இதுவரை பலருக்கும் தெரியும். ஆனால் இந்த இரண்டு ஹார்மோனும் ரத்தத்தில் ஓடுபவை, இரண்டு மார்புக்கும் சமமாகத்தான் போகும். அப்படியிருக்க, பிள்ளை ஒரு பக்கமே குடித்துப் பழகினால் அந்தப் பக்கம் மட்டும் ஏன் அதிகம் சுரக்கிறது? ஆடுகளில் செய்த சோதனைகளிலும் இதையே பார்த்தார்கள்: ஒரு பக்க மடியை மட்டும் கூடுதல் தடவை கறந்தால் அந்தப் பக்கம் மட்டும் பால் கூடியது. அதாவது, எவ்வளவு சுரப்பது என்பதை ஒவ்வொரு மார்பும் தனக்குத் தானே முடிவு செய்துகொள்கிறது.

அதற்கான அளவுகோல், உள்ளே மிச்சமிருக்கும் பால்தான். பைகள் நிரம்பி விரியும்போது செல்கள் நசுங்கிச் சுரப்பு மெதுவாகிறது. பாலிலேயே இருக்கும் செரோடோனின் போன்ற பொருள்களும் தேங்கத் தேங்க "போதும்" என்கின்றன. மாறாக, காலியான மார்பு வேகமாகச் சுரக்கும். அதனால்தான் வலிக்கிறதே என்று பம்ப் வைத்து முழுக்க எடுத்துவிட்டால், சில மணி நேரத்தில் திரும்பவும் நிரம்பிவிடுகிறது. அன்று ராத்திரி நான் செய்தது இதைத்தான், விடிவதற்குள் மறுபடியும் கல்.

அதற்காகத் தொடாமலே இருப்பதும் தவறு. பால் கட்டும்போது உள்ளே இருப்பது பால் மட்டும் இல்லை. ரத்தக் குழாய்கள் விரிந்து, சுற்றியுள்ள திசுவில் நீர் கோத்து வீங்குகிறது. அந்த வீக்கம் மெல்லிய பால் குழாய்களை வெளியிலிருந்து நெருக்குவதால்தான், உள்ளே பால் இருந்தும் பீச்சினால் வருவதில்லை. அப்படியே விட்டால் மார்பு அழன்று சிவந்து காய்ச்சல் வரும் மார்பழற்சியாக முற்றலாம். கட்டி கரையட்டும் என்று அழுத்திப் பிசைவதும் ஆபத்துதான், உள்ளே இருக்கும் திசு இன்னும் நசுங்கி இன்னும் வீங்கும்.

சரி, என்ன செய்யலாம்? கையால் கொஞ்சமாகப் பீச்சுங்கள், வலி தணிந்ததும் நிறுத்திவிடுங்கள், காலியாகும் வரை போகவே வேண்டாம். ஐஸை ஒரு துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றியெடுத்தால் வீக்கம் வடியும். ஃபிரிட்ஜில் வைத்த முட்டைக்கோஸ் இலையைச் சிலர் வைக்கிறார்கள், அதன் குளிர்ச்சி இதமாக இருக்கும், வைப்பதில் தவறில்லை. தாங்கிப் பிடிக்கிற பிரா போதும், துணியால் இறுக்கிக் கட்டுவது வலியைத்தான் கூட்டும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் பால் வற்றும் என்பார்கள், தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். வலிக்கு பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ போடலாம், உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் வற்றட்டும் என்று மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டும் பழக்கத்தை நான் முதலில் நம்பவில்லை. ஆனால் 1988இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு பாலை நிறுத்த வேண்டியிருந்த பெண்களில் சிலருக்கு புரோமோகிரிப்டின் மாத்திரையும், சிலருக்கு மார்பில் மல்லிகைப்பூவும். ரத்தத்தில் புரோலாக்டினை மாத்திரைதான் அதிகம் குறைத்தது, ஆனால் பால் கட்டுவதையும் சுரப்பையும் குறைப்பதில் பூவும் அதற்குச் சமமாகவே வேலை செய்தது. அவர்கள் அப்போதுதான் பிரசவித்தவர்கள், ஒன்றரை வருடம் கொடுத்தவர்களுக்கும் அதே அளவு பலிக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. முயன்று பார்ப்பதில் கெடுதல் இல்லை.

வேப்பெண்ணெய் விஷயம் வேறு. அதைக் காம்பில் தடவவே கூடாது. வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரை கொண்டுபோய்விடும், அது விஷம்.

காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, மார்பில் ஒரு பகுதி மட்டும் சிவந்து சூடாக இருந்தாலோ, கட்டி ஓரிரு நாளில் இளகாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எல்லாவற்றையும் விட நல்லது, மெதுவாக நிறுத்துவது. மகள் விஷயத்தில் அப்படித்தான் செய்தேன். நாலைந்து நாளுக்கு ஒரு தடவை ஒரு வேளைப் பாலை மட்டும் நிறுத்தினேன், முதலில் மத்தியானம், அப்புறம் சாயங்காலம், கடைசியாக ராத்திரி. சுரப்பு அடங்கும்போது பைகளின் செல்களுக்கு இடையே இருக்கும் இறுக்கமான இணைப்புகள் தளர்ந்துவிடும். பாலின் சர்க்கரை ரத்தத்துக்குக் கசியும், ரத்தத்தின் உப்பு பாலுக்குள் வரும். அதன் பிறகு வேலையில்லாத செல்கள் மடிந்து, அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பும். மகளுக்கு நிறுத்தியபோது எனக்கு ஒரு தடவைகூட மார்பு கல்லாகவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் வந்து வாய் வைத்தவள், தலையைத் தூக்கி என்னைப் பார்த்து "அம்மா, உப்பு" என்றாள். அப்புறம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.