சுரபாயாவின் குப்பையைக் குறைத்த கூடை

இந்தோனேசியாவின் சுரபாயா நகரில், 2001ல் கெபுத்தி குப்பைக் கிடங்கு மூடப்பட்டதும் தெருக்களில் குப்பை தேங்கியது. அதில் பாதிக்கும் மேல் சமையலறைக் கழிவு. ஜப்பானின் கிதாக்யூஷு நகரிலிருந்து வந்த உர வல்லுநர் கோஜி தகாகுரா, 2004 முதல் புஸ்தகோத்தா என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அதை வீட்டுக்குள்ளேயே மட்க வைக்கும் முறையை உருவாக்கினார்.

காய்கறிக் கழிவில் பெரும்பகுதி நீர்தான். குவித்து வைத்தால் இடைவெளிகளில் நீர் நிரம்பிக் காற்று புகாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பெருகும் பாக்டீரியா கரிம அமிலங்களையும் ஹைட்ரஜன் சல்பைடையும் வெளிவிடுவதால்தான் நாற்றம். தகாகுரா முறையில், நுண்ணுயிர்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் பொலபொலப்பான வித்து உரத்துக்குள் கழிவு புதைக்கப்படுகிறது. காற்று கிடைக்கும் நுண்ணுயிர்கள் வேகமாகச் சிதைக்கும்போது வெப்பம் எழுகிறது. அந்த வெப்பமே நீரை ஆவியாக்கி விரட்டுகிறது. தினமும் கழிவு போட்டும் கூடை சீக்கிரம் நிரம்பாததற்கு இதுவே காரணம்.

வித்து உரத்துக்கான நுண்ணுயிர்களைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. வெல்லம் கரைத்த நீரில் தெம்பே (புளிக்க வைத்த சோயா), தாப்பே (புளிக்க வைத்த அரிசி அல்லது மரவள்ளி), தயிர் போன்ற புளித்த உணவுகளைப் போட்டு ஒரு கரைசல். உப்பு நீரில் பழத்தோல், காய்த்தோல் போட்டு இன்னொன்று. மூன்று முதல் ஐந்து நாள் புளித்ததும் இரண்டையும் சம அளவு உமியும் தவிடும் சேர்ந்த கலவையில் ஊற்றிப் பிசைய வேண்டும். தவிடு நுண்ணுயிர்களுக்கு உணவு. எளிதில் மட்காத உமி காற்றுக்கு வழிவிடுகிறது. ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம்: கையால் பிடித்தால் உருண்டையாக வேண்டும், நீர் சொட்டக்கூடாது. துணியால் மூடி வைத்தால் சில நாளில் சூடேறி, மேலே வெள்ளைப் பூஞ்சை படரும்.

அழுக்குத்துணி போடும் ஓட்டைக் கூடையின் உட்புறம் அட்டையை வைத்து, அடியில் உமி நிரப்பிய பை, அதன்மேல் கூடையில் பாதிக்குச் சற்று அதிகமாக வித்து உரம், அதற்கு மேல் இன்னொரு உமிப்பை, துணி, மூடி. கழிவை இரண்டு சென்டிமீட்டருக்கு மிகாமல் நறுக்கி, நாளுக்கு ஒரு கிலோ அளவில் புதைத்து, அடிவரை கிளற வேண்டும். கூடை மழை படாத இடத்தில் இருக்கட்டும். நிரம்பியதும் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து இரண்டு வாரம் ஆற வைத்தால் உரம் தயார். மீதி, தயிருக்கு உறை மோர் போல, அடுத்த சுற்றுக்கு.

பெரும்பாலான கூடைகள் கெடுவது ஈரத்தால். அழுகல் நாற்றம் வந்தால் சாறும் குழம்பும் அதிகம் போயிருக்கும். உலர்ந்த உமி சேர்த்து நன்றாகக் கிளற வேண்டும். அம்மோனியா நெடி என்றால் மீன், இறைச்சி கூடிவிட்டது. அதற்கும் உமிதான் மருந்து. சூடே இல்லையென்றால் காய்ந்திருக்கும், அல்லது உணவு போதவில்லை. தவிடும் கொஞ்சம் நீரும் தெளித்தால் மறுநாள் சூடு தெரியும். புழு வைத்தால், தவிடு சேர்த்துக் கிளறிச் சூட்டை 50 டிகிரிக்கு மேல் ஏற்றி, துணியை இறுக மூட வேண்டும். எலும்பும் தேங்காய் ஓடும் கூடையில் போட வேண்டாம்.

நகராட்சி ஆயிரக்கணக்கான கூடைகளை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் வேலையை நிலைநிறுத்தியது மகளிர் குழுக்களும், பயிற்சி பெற்றுக் குடியிருப்புகளில் வழிகாட்டிய தன்னார்வலர்களும்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. சந்தைக் கழிவுக்கு நகராட்சி தனியாக உரக்கூடங்களும் அமைத்தது. கெபுத்திக்குப் பதிலாக வந்த கிடங்குக்குப் போன குப்பை 2005ல் நாளுக்குச் சுமார் 1,500 டன்; சில ஆண்டுகளில் அது 1,000 டன் அளவுக்கு இறங்கியது. கூடையை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கும் நகராட்சி இதை எதிர்பார்க்க முடியாது: முதல் முறை நாறியவுடன் கூடை மீண்டும் துணி போடவே போய்விடும்.