பதிவு செய்யச் சம்மதித்தார்கள், இணையத்தில் ஏற்றவுமா?

பழைய ஒலிநாடாக்களோடு வரும் சம்மதப் படிவங்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘கல்வி, ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.’ கீழே ஒரு பாட்டியின் கைநாட்டு. நாடா பல்கலைக்கழக அலமாரியில் இருக்கும், நாலு ஆய்வாளர்கள் கேட்பார்கள் என்று இரு தரப்பும் நினைத்த காலம் அது. இன்று அதே பாட்டியின் குரலை இணையத்தில் ஏற்றினால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், வெட்டி ஒட்டலாம், செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கலாம். அந்தக் கைநாட்டு இதற்கெல்லாம் சேர்த்து வைத்ததாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

அருகிவரும் மொழிகளின் ஒலிப்பதிவுகளை டிஜிட்டலாக்குவது என் வேலை. “மொழியே போகப்போகிறது, சீக்கிரம் எல்லாவற்றையும் ஏற்றுங்கள்” என்று பலரும் சொல்கிறார்கள். அவசரம் உண்மைதான். டிஜிட்டலாக்கத்தை ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாது, நாடா பூஞ்சை பிடித்துவிடும். ஆனால் பாதுகாப்பது ஒரு வேலை, பொதுவில் திறந்துவிடுவது வேறு வேலை.

நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். தோடா மொழி பேசுவோர் ஏறக்குறைய 1,500 பேர். இத்தனை சிறிய சமூகத்தில் ‘பேசியவர் பெயரை நீக்கிவிட்டோம்’ என்பதற்கு அர்த்தமே இல்லை. முதல் வாக்கியத்திலேயே குரல் யாருடையது என்று தெரிந்துவிடும். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும்வரை நாடா ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியில்தான் நிலத்தகராறு, மருமகள் பேச்சு, யாருக்கோ வந்த நோய் எல்லாம் பதிவாகியிருக்கும். மொழி தெரியாத ஊழியர் அதையும் அப்படியே ஏற்றிவிடுவார்.

இன்னொன்று. இறந்தவரின் பெயரைச் சொல்வதைத் தோடர்கள் தவிர்ப்பார்கள் என்று அவர்களை ஆராய்ந்த மானுடவியலாளர் ரிவர்ஸ் 1906இலேயே எழுதியிருக்கிறார். நாமோ கோப்புக்கே பாடியவரின் பெயரை வைத்து, தேடினால் முதலில் வரும்படி செய்கிறோம். ஒலியை மட்டும் யோசித்து, அட்டவணையை மறந்துவிடுகிறோம்.

சட்டத்தை நம்பி இருக்க முடியுமா? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை பொதுவாக அதைத் தயாரித்தவருக்கு. 1994 திருத்தத்தில் பாடியவருக்கும் நிகழ்த்துநர் உரிமை வந்தது. ஊர் முழுக்கச் சேர்ந்து காப்பாற்றிவந்த சடங்குப் பாடல் யாருடையது என்ற கேள்விக்கு இரண்டுமே பதில் சொல்வதில்லை.

பதிலை அந்தந்தச் சமூகங்கள்தான் உருவாக்கியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக்கில் வருமுங்கு என்ற பூர்வகுடி மக்களோடு சேர்ந்து உருவான முக்கூர்த்து என்ற மென்பொருளில், எதை ஆண்கள் மட்டும் பார்க்கலாம், எதைப் பெண்கள் மட்டும், எதை உறவினர் மட்டும் என்று சமூகமே அனுமதியை வகுக்கலாம். நியூசிலாந்தில் அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளின் தே ஹிக்கு என்ற ஊடக அமைப்பு 2018இல் பத்தே நாளில் 300 மணி நேர மாவோரிப் பேச்சைத் திரட்டியது. மக்கள் அள்ளிக் கொடுத்ததற்குக் காரணம் நம்பிக்கை. அந்தத் தரவை வெளியாருக்கு அப்படியே தூக்கிக் கொடுக்காமல், மாவோரி மக்களே அதன் காப்பாளர்கள் என்பதை முன்வைக்கும் தனி உரிமம் ஒன்றையும் அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாவற்றையும் பூட்டி வைப்பதும் அநியாயம்தான். தன் தாத்தா பாடியதைக் கேட்க ஒரு பேரன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருப்பதை எந்த நெறிமுறையாலும் நியாயப்படுத்த முடியாது. அதனால் முதல் பிரதி ஊருக்குப் போக வேண்டும். ஹார்ட் டிஸ்க்காகக் கொடுத்தால் பீரோவில் தூங்கும். மெமரி கார்டில் எம்பி3யாகக் கொடுத்தால் அன்று மாலையே செல்போனில் ஓடும். ஊரில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கும்போதே “இது இருக்கட்டும், இது வெளியே வேண்டாம்” என்று பேச்சு வந்துவிடும். அதைக் குறித்துக்கொண்டு அப்புறம் ஏற்றுங்கள்.

சம்மதத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்: சேமிக்க, ஊருக்குள் பகிர, இணையத்தில் வைக்க, கணினிப் பயிற்சிக்குக் கொடுக்க. பேசியவர் இறந்திருந்தால் குடும்பத்திடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். நாளை யாராவது எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் பொதுப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே தரவிறக்கம் ஆன பிரதிகளைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் படிவத்தில் அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி, வாயாலும் சொல்லுங்கள்.